பாலத்துக்கு இந்தப் பக்கம் வளர்ந்த பிள்ளைங்க

போன மாசம் அக்கா போன் பண்ணி, "டேய் தம்பி, ஒரு கையெழுத்து வேணும்டா, ஐசி எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை வந்துடு"ன்னாங்க. ஐசின்னா எங்க அடையாள அட்டை. விசாரிச்சா மூத்த பையனுக்கு சிங்கப்பூர்ல யூனிவர்சிட்டி இடம் கிடைச்சிருக்காம், அதுக்கு ஏதோ பாரத்துல ஜாமீன் போட ஆள் வேணுமாம். எனக்கு ஒரே சந்தோஷம். போனை வச்சதுக்கு அப்புறம்தான் என்னமோ உறுத்துச்சு. அந்தக் கையெழுத்துக் கதைக்குக் கடைசில வர்றேன், அதுக்கு முன்னாடி நம்ம மலேசியப் பிள்ளைங்க ஏன் சிங்கப்பூருக்குப் போறாங்கன்னு ரொம்ப நாளா மனசுல ஓடிக்கிட்டு இருக்கிற ஒரு கணக்கை எழுதித் தீர்த்துடுறேன்.

நான் 11 வருஷமா மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவுல இருக்கிற பாலம் தாண்டுறவன். ஜேபி, அதாவது ஜொகூர் பாரு பக்கம் தூக்கம், சிங்கப்பூர் பக்கம் வேலை. காலையில நாலரை மணிக்கு மோட்டார்சைக்கிள் லேன்ல நிக்கிறப்போ முன்னாடியும் பின்னாடியும் சிவப்பு லைட்டா தெரியும், மழைக்கோட்டு வாசமும் புகையும் கலந்து வரும், எல்லார் சட்டைப் பையிலயும் பிளாஸ்டிக் உறைக்குள்ள பாஸ்போர்ட். இப்ப அந்தப் பக்கம் போன்ல கியூஆர் கோடு காட்டினா போதும்னு ஆக்கிட்டாங்க, கொஞ்சம் பரவாயில்ல. ஒரு கிலோமீட்டர் பாலம், 1923ல ரயில் ஓட ஆரம்பிச்சது, இப்ப ஒரு நாளைக்கு 3 லட்சம் பேருக்கு மேல இதைத் தாண்டுறோம். பேப்பர்ல 'மூளை வடிகால்'னு எழுதுறாங்களே, அதைப் படிச்சா டாக்டர், விஞ்ஞானி எல்லாம் பெட்டியைத் தூக்கிட்டு விமானம் ஏறுற மாதிரி தோணும். மோட்டார் லேன்ல அப்படி யாரும் இல்ல. வெல்டர், நர்ஸ், லோரி டிரைவர், என்னை மாதிரி டெக்னீஷியன், பாதித் தூக்கத்துல ஹெல்மெட்டுக்குள்ள கொட்டாவி விட்டுக்கிட்டு நிக்கிற சின்னப் பசங்க.

ஏன் போறீங்கன்னு யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான், வெள்ளி வித்தியாசம், அதாவது ரெண்டு நாட்டுப் பணத்தோட மதிப்பு வித்தியாசம். நானும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூணு ரிங்கிட்டுக்கு மேல, அப்புறம் என்ன பேச்சு? ஆனா 1973 வரைக்கும் ரெண்டு வெள்ளியும் ஒண்ணுக்கு ஒண்ணுங்கிறது இப்ப எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? அங்க வெள்ளியை இங்க கொடுக்கலாம், இங்க வெள்ளியை அங்க கொடுக்கலாம். 1965ல பிரிஞ்சப்போ தலைக்கு வருமானம் அவங்களுக்கு வருஷத்துக்கு 500 அமெரிக்க டாலர் சொச்சம், நமக்கு 300 சொச்சம். இப்ப அவங்க 80 ஆயிரத்தைத் தாண்டிட்டாங்க, நாம 11, 12 ஆயிரத்துல நிக்கிறோம். ஒரு ஊரையும் ஒரு நாட்டையும் ஒப்பிடுறது நியாயமில்லன்னு சொல்வீங்க, ஒத்துக்கிறேன், அவங்களுக்கு நெல்லு வயலும் இல்ல, தூரத்துக் கிராமத்துக்கு ரோடு போடுற செலவும் இல்ல. அதைக் கழிச்சுட்டுப் பார்த்தாலும் இடைவெளி பெருசுதான். ரேட் எப்படி இப்படி ஆச்சுன்னு கேட்டுக்கிட்டே போனா, பேங்க்ல போய் முடியாது, பேக்டரி தரையிலயும் பள்ளிக்கூடத்துலயும்தான் போய் முடியும்.

என் கதையைச் சொல்றேன். பொலிடெக்னிக்ல மூணு வருஷ டிப்ளமா, அரசாங்கக் காசு, நான் கட்டின பீஸ் ஒண்ணும் பெருசில்ல. 2011ல ஜொகூர்ல ஒரு பிளாஸ்டிக் பேக்டரில வேலை, 1,300 ரிங்கிட் சம்பளம். மெயின்டனன்ஸ் டெக்னீஷியன்னு பேரு. முதல் வாரமே ஒரு மோல்டிங் மெஷின்ல ஹைட்ராலிக் பம்ப் சத்தம் போட ஆரம்பிச்சுது. காலேஜ்ல பிரிச்சு மாட்டின பம்ப்தான், ஸ்பேனரை எடுத்துக்கிட்டு ஆசையா போனேன். மேனேஜர் ஓடி வந்து, "தொடாத தொடாத, வெண்டர் வருவான்"னாரு. மெஷின் மேனுவல் அவர் அலமாரியில பூட்டி இருக்கும். வெண்டர் வர ரெண்டு நாள் ஆகும், அதுவரைக்கும் நான் பாரம் நிரப்பணும், மெஷின் எண், நின்ன நேரம், ஓடின நேரம். மூணு வருஷம் அந்தப் பாரம்தான் நிரப்பினேன். டிப்ளமா படிச்ச கை, பேனா பிடிச்சே மரத்துப் போச்சு.

அந்த மெஷின் பக்கத்துலயே ஒரு நீள மேசை, இருபது பேர் உட்கார்ந்து கத்தியால பிளாஸ்டிக் ஓரத்தைச் சீவிக்கிட்டு இருப்பாங்க, நேபாளத்துல இருந்தும் வங்காளதேசத்துல இருந்தும் வந்த பசங்க. ஒரு நாள் வாய விட்டுட்டேன், இதுக்கு ஒரு சின்ன ரோபோ கை போட்டா போதுமே சார்னு. மேனேஜர் சிரிச்சாரு. "அந்தக் காசுக்கு நான் இன்னும் பத்து பேரை எடுத்துடுவேன்"னாரு. அவர் கணக்குல தப்பே இல்ல. அந்த ஒரு வரியிலதான் நம்ம நாட்டுப் பொருளாதாரமே இருக்குன்னு எனக்குப் புரிய பத்து வருஷம் ஆச்சு. ரெண்டு மில்லியனுக்கு மேல வெளிநாட்டுத் தொழிலாளிங்களை மலிவு சம்பளத்துக்கு எடுக்க முடியுறப்போ எந்த முதலாளி ரோபோ வாங்குவான்? ரோபோ வாங்காத எடத்துல டெக்னீஷியனுக்கு என்ன வேலை? வேலை இல்லாத எடத்துல டிப்ளமாவுக்கு என்ன விலை? அந்தப் பசங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, அவங்களும் எங்கேயோ ஒரு பாலம் தாண்டி வந்தவங்கதான், அவங்க வளர்ந்த ஊர்ல யாரோ அவங்களுக்குச் சோறு போட்டு, எழுத்து சொல்லிக்கொடுத்து வச்சதை நாம மலிவா எடுத்துக்கிறோம். சிங்கப்பூர் நமக்குப் பண்றதா நாம புலம்புறதை நாம இன்னொருத்தருக்குப் பண்ணிக்கிட்டு இருக்கோம். ஒரு வித்தியாசம், சிங்கப்பூர்காரன் எடுக்கிற ஆளுக்குக் கொஞ்சமாவது தொழில் சொல்லிக்கொடுக்கிறான், நாம கையில கத்தியைக் கொடுத்து ஓரம் சீவ விடுறோம்.

2014ல பாலம் தாண்டினேன். ஒர்க் பெர்மிட், 1,800 சிங்கப்பூர் வெள்ளி, அப்ப ரேட் 2.6 சொச்சம்தான். முதல் மாசம் முழுக்க மெஷின் பக்கமே விடல, கிளாஸ்ரூம்ல உட்கார வச்சு வேக்குவம் பம்ப் எப்படி வேலை செய்யுதுன்னு அக்குவேறு ஆணிவேறா சொல்லிக்கொடுத்தாங்க. ரெண்டாவது மாசம் ஒரு ராத்திரி ஷிப்ட்ல பம்ப் நின்னு போச்சு, சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, "நீ பாரு, முடியலன்னா கூப்பிடு"ன்னுட்டுப் போயிட்டாரு. கை நடுங்குச்சு. சீல் உருகி ரோட்டர்ல ஒட்டியிருந்துச்சு, சுரண்டி எடுத்து மாத்தி ஓட விட்டப்போ விடிகாலை மூணு மணி. வாழ்க்கையில முதல் தடவையா நான் படிச்ச படிப்புக்கு ஒருத்தன் சம்பளம் கொடுத்தான்னு தோணுச்சு. அதே ஆளு, அதே மூளை, அதே டிப்ளமா. பாலத்துக்கு அந்தப் பக்கம் போனதும் என் மதிப்பு ஏறிடுச்சு, ரேட்டைக் கழிச்சுட்டுப் பார்த்தாலும்.

அவங்க இதைச் சும்மா பண்ணிடல. 1961ல பொருளாதார வளர்ச்சிக் கழகம் ஆரம்பிச்சு வெளிநாட்டுக் கம்பெனிங்களை வாங்க வாங்கன்னு கூப்பிட்டாங்க, ஆனா கூப்பிட்டதோட விடல, வர்ற கம்பெனியையே வாத்தியாரா ஆக்கிட்டாங்க. 1972ல டாட்டாவோட சேர்ந்து ஒரு பயிற்சிக்கூடம், 73ல ஜெர்மன் கேமரா கம்பெனி ரோலையோட, 75ல பிலிப்ஸோட. ரோலை கம்பெனி பின்னாடி அங்க கடையை மூடிட்டுப் போயிடுச்சு, கத்துக்கிட்ட பசங்க எங்க போவாங்க, அங்கதானே இருந்தாங்க. 1979ல இன்னொரு காரியம் பண்ணினாங்க, சம்பளத்தை வேணும்னே ஏத்தினாங்க, மலிவுக் கூலியை நம்பி ஓடுற கம்பெனி இருந்தா இரு, இல்லன்னா கிளம்புன்னு. அதே வருஷம் திறன் மேம்பாட்டு நிதின்னு ஒண்ணு, குறைஞ்ச சம்பளத்துல ஆள் வச்சிருக்கிற முதலாளிகிட்ட வரி மாதிரி வாங்கி அந்தக் காசுல பயிற்சி. 1985ல பொருளாதாரம் சரிஞ்சப்போ இந்தச் சம்பளக் கொள்கையைத் திட்டினவங்களும் உண்டு, எல்லாம் நேர்க்கோட்டுல போகல. ஆனா திசை மட்டும் மாறல. 1992ல ஐடிஇ, தொழில்நுட்பக் கல்விக் கழகம், படிப்பு ஏறாத பசங்கன்னு ஒதுக்கினவங்களுக்கு நல்ல கட்டடம், நல்ல மெஷின். கெட்டிக்காரப் பசங்களுக்குச் செலவு பண்றது எல்லா நாடும் பண்றதுதான், கடைசி பெஞ்சுக்குச் செலவு பண்ணினதுலதான் சிங்கப்பூர் நம்மளைத் தாண்டிப் போச்சுங்கிறது என் அபிப்பிராயம்.

எங்க ஷிப்ட்ல ஒரு சீன அங்கிள், 56 வயசு, லீவு நாள்ல பிஎல்சி புரோகிராமிங், அதாவது மெஷினை ஓட்டுற கம்ப்யூட்டருக்கு எழுதுற நிரல், படிக்கிறாரு. குடிமக்களுக்கு ஸ்கில்ஸ்பியூச்சர்னு 2016ல 500 வெள்ளி கொடுத்தாங்க, 2024ல 40 வயசைத் தாண்டினவங்களுக்கு இன்னும் 4,000 வெள்ளி, படிப்புக்கு மட்டும்தான் செலவு பண்ணலாம். எனக்குக் கிடையாது, நான் பெர்மிட்காரன். அங்கிள் வீட்டுப்பாடத்தை என்கிட்டதான் கேட்பாரு, அந்த வகையில நானும் ஓசியில படிச்சுக்கிறேன்.

நம்ம பக்கம் என்ன நடந்துச்சு? நான் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை. ஆறு வருஷம் பின்னம், தசமம், பரப்பளவுன்னு தமிழ்ல கணக்கு படிச்சேன். 2003ல நான் பாரம் ஒண்ணுக்கு, அதாவது இடைநிலைப்பள்ளி முதல் வருஷத்துக்குப் போறேன், அந்த வருஷம்தான் பிபிஎஸ்எம்ஐ ஆரம்பிக்குது, கணக்கும் அறிவியலும் இங்கிலீஷ்ல. ஆசிரியருக்கு லேப்டாப், கிளாசுக்கு புரொஜெக்டர், சிடி. எங்க டீச்சர் சிடியைப் போட்டுவிட்டு, அது இங்கிலீஷ்ல பேசி முடிச்சதும் நிறுத்திட்டு மலாய்ல விளக்குவாங்க, நான் அதை மனசுக்குள்ள தமிழ்ல மாத்திக்குவேன். ஒரு பின்னத்துக்கு மூணு மொழி. சரி, கஷ்டப்பட்டுப் பழகிட்டோம்னு பார்த்தா 2009ல அதை எடுக்கப் போறோம்னு அறிவிச்சாங்க, 2012ல இருந்து படிப்படியா திரும்ப மலாய்க்கும் தாய்மொழிக்கும். அப்புறம் 2016ல டிஎல்பின்னு விருப்பப்பட்ட பள்ளிக்கு மறுபடியும் இங்கிலீஷ். எந்த மொழி சரிங்கிறது வேற சண்டை, எனக்கு அதுல தெளிவான கட்சி கிடையாது. ஆனா ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துல இருக்கிறது 11 வருஷம், அதுக்குள்ள ஆட்டத்தோட விதியை மாத்தி மாத்தி வச்சா வாத்தியாருக்கே தலை சுத்தாதா?

உலக வங்கி மனிதமூலதனக் குறியீடுன்னு ஒண்ணு போடுறாங்க. இன்னைக்குப் பொறக்கிற குழந்தைக்கு முழுப் படிப்பும் முழு ஆரோக்கியமும் கிடைச்சா எவ்வளவு உழைக்க முடியுமோ அதுல எத்தனை பங்கு இந்த நாட்டுல கிடைக்கும்னு ஒரு கணக்கு. 2020ல சிங்கப்பூர் 0.88, உலகத்துலயே முதல். நாம 0.61. பாலர் பள்ளியையும் சேர்த்தா நம்ம பிள்ளை சராசரியா 12 வருஷத்துக்கு மேல பள்ளிக்கூடம் போறான், ஆனா அவன் உண்மையா கத்துக்கிட்டதை அளந்தா 9 வருஷப் படிப்புகூட தேறல. மூணு வருஷத்துக்கு மேல பெஞ்சைத் தேய்ச்சுட்டு வர்றான்னு அர்த்தம். அஞ்சாம் வகுப்பு முடிக்கிறப்போ 42 சதவீதம் பிள்ளைங்களுக்கு வாசிப்புத் திறன் எட்டலன்னு 2024ல அதே உலக வங்கி சொல்லுச்சு. பீசான்னு 15 வயசுப் பிள்ளைங்களுக்கு நாடு நாடா வைக்கிற தேர்வு, 2022ல அதுல கணக்குல சிங்கப்பூர் 575, நாம 409. அவங்களை விடுங்க, அவங்க எல்லாரையும் அடிச்சவங்க. வியட்நாம் 469. நம்ம வருமானத்துல பாதிகூட இல்லாத நாடு நம்ம பிள்ளைங்களைவிட 60 புள்ளி மேல இருக்கு, அடுத்த பேக்டரி எங்க போகும்னு நினைக்கிறீங்க?

இன்னொண்ணு, இதைச் சொன்னா நிறைய பேர் நம்ப மாட்டாங்க. அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள நம்ம குழந்தைங்கள்ல அஞ்சுல ஒண்ணு வயசுக்கேத்த உயரம் இல்லாம குட்டையா இருக்கு, சத்துக்குறைவு. இவ்வளவு ஹைவேயும் இரட்டைக் கோபுரமும் இருக்கிற நாட்டுல. ரெண்டு வயசுல மூளைக்குப் போகாத சத்தை இருபது வயசுல எந்தப் பயிற்சிக்கூடம் போட்டு ஈடு கட்டுறது?

சரி, இதையெல்லாம் தாண்டி ஒருத்தன் நல்லா படிச்சு வந்துட்டான்னு வச்சுக்குங்க. அப்புறம்தான் பெரிய கதவு. யூனிக்கு முந்தின படிப்பான மெட்ரிகுலேஷன்ல 90க்கு 10 கோட்டா, 90 பூமிபுத்ராவுக்கு, 10 மத்தவங்களுக்கு, அதைப் பேச ஆரம்பிச்சா விடிஞ்சிடும். அதைத் தாண்டி டாக்டர் ஆனாலும் 2016 டிசம்பர்ல இருந்து புது டாக்டருக்கெல்லாம் ஒப்பந்த வேலைதான், நிரந்தரம் எப்பன்னு தெரியாது. 2021 ஜூலை 26ந்தேதி, கோவிட் உச்சத்துல இருக்கிறப்போ, கருப்புச் சட்டை போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நின்னாங்களே, ஞாபகம் இருக்கா? சிங்கப்பூர்க்காரனுக்கு விளம்பரச் செலவே மிச்சம்.

2011ல உலக வங்கி நம்ம நாட்டு மூளை வடிகாலைப் பத்தி ஒரு அறிக்கை போட்டுச்சு. சுமார் ஒரு மில்லியன் மலேசியருங்க வெளிய இருக்காங்க, அதுல மூணுல ஒருத்தர் நல்லா படிச்சவங்க, பாதிக்கு மேல சிங்கப்பூர்ல. வெளிய இருக்கிறவங்களை இணையத்துல கேட்டிருக்காங்க, ஏன் போனீங்கன்னு. அதிகம் பேர் சொன்ன காரணம் வேலையில முன்னேற்றம். அடுத்தது சமூகத்துல நியாயம் இல்லங்கிற உணர்வு. சம்பளம் மூணாவதுதான். அதைப் படிச்சப்போ எனக்கு அந்தப் பூட்டின அலமாரிதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. அதே 2011ல டேலண்ட்கார்ப்னு ஒரு அரசாங்க அமைப்பை ஆரம்பிச்சு, திரும்பி வர்ற நிபுணருக்கு அஞ்சு வருஷம் 15 சதவீதம் மட்டும் வருமான வரின்னு சலுகை கொடுத்தாங்க. மூணாவது காரணத்துக்கு மருந்து. முதல் ரெண்டும் அப்படியே இருக்கு.

நம்மளால முடியாதுன்னு சொல்ல வரல. பினாங்கைப் பாருங்க. 1972ல பாயான் லெப்பாஸ்ல சுதந்திர வர்த்தக வட்டாரம், அதே வருஷம் இன்டெல் வந்துச்சு. 1989ல மாநில அரசும் கம்பெனிங்களும் சேர்ந்து பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் ஆரம்பிச்சாங்க, என்ன சொல்லிக்கொடுக்கணும்னு முடிவு பண்ணினது கம்பெனிங்கதான். எச்பில வேலை செஞ்ச இன்ஜினியருங்க வெளிய வந்து 2000ல வைட்ராக்ஸ்னு சொந்தமா சிப் சோதிக்கிற மெஷின் கம்பெனி ஆரம்பிச்சு நடத்துறாங்க. உலகத்துல சிப் பேக்கிங், டெஸ்டிங்ல 13 சதவீதம் இன்னைக்கு மலேசியால நடக்குதுன்னா அதுல பெரும்பங்கு அந்தத் தீவைச் சுத்திதான். திறமைக்கு வேலை இருக்கிற எடத்துல ஆள் தங்குறான், அவ்வளவுதான் ரகசியம். இப்ப 2024ல புது செமிகண்டக்டர் திட்டத்துல 60,000 இன்ஜினியரை உருவாக்கப் போறோம்னு சொல்லியிருக்காங்க. உருவாக்குங்க, சந்தோஷம். ஆனா ஏற்கனவே காலேஜ் முடிச்சு வேலை பார்க்கிறவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு மேல படிப்புக்குக் கீழான வேலைதான் பார்க்கிறாங்கன்னு நம்ம புள்ளிவிவரத் துறையே சொல்லுது. குழாயைப் பெருசாக்குறது இருக்கட்டும், வாளியில ஓட்டை எங்கன்னு பாருங்க.

சிங்கப்பூரை ரொம்பத் தூக்கி வச்சிட்டேனோ? அவங்களுக்கும் நோவு உண்டு. குழந்தை பொறக்கிறதில்ல, பிறப்பு விகிதம் 2023லயும் 24லயும் 0.97, ஒரு பொண்ணுக்கு ஒரு குழந்தைகூட இல்ல. 6 மில்லியன் ஜனத்துல பத்துல மூணு பேர் என்னை மாதிரி வெளியாளு. பெத்துக்காததை வாங்கிக்கிறாங்க. செகண்டரி பள்ளியில இருந்தே ஆசியான் உபகாரச் சம்பளம்னு கொடுத்து கெட்டிக்காரப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறாங்க. அவங்க மூலதனம்னு நாம சொல்றதுல எவ்வளவு நம்ம தாய்மாருங்க ஊட்டின சோறுன்னு எந்தக் குறியீட்டுலயும் வராது.

இப்ப ஜொகூர் சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார வட்டாரம்னு 2025 ஜனவரில கையெழுத்து போட்டிருக்காங்க, சில தொழில்களுக்கு 5 சதவீதம் வரி, அறிவுசார் வேலைக்காரங்களுக்கு 10 வருஷம் 15 சதவீதம். 2026 கடைசிவாக்குல ஓட விடணும்னு திட்டம் போட்டது, ஜேபி புக்கிட் சாகார்ல இருந்து சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ஆர்டிஎஸ் ரயில், அஞ்சு நிமிஷப் பயணம், மணிக்கு 10,000 பேர். எங்க மோட்டார் கேங்ல ரெண்டு கட்சி. ஒரு கட்சி, இனிமே கம்பெனியே இந்தப் பக்கம் வந்துடும்டான்னு சொல்லுது. இன்னொரு கட்சி, இன்னும் சுலபமா எல்லாரும் கிளம்பிடுவாங்கன்னு. நான் ரெண்டு பக்கமும் தலையாட்டுவேன். வர்ற கம்பெனி மேனுவலை அலமாரியில பூட்டுமா, டெக்னீஷியன் கையில கொடுக்குமாங்கிறதைப் பொறுத்துதான் இருக்கு.

ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். பையன் எஸ்டிபிஎம்ல, அதாவது பாரம் ஆறு முடிக்கிறப்போ எழுதுற பரீட்சையில, நல்லா எடுத்திருக்கான், இன்ஜினியரிங். சிங்கப்பூர் அரசாங்கம் வெளிநாட்டு மாணவனுக்கும் பீஸ்ல பெரிய பங்கைக் கொடுக்குது, பதிலுக்குப் படிச்சு முடிச்சதும் மூணு வருஷம் சிங்கப்பூர்ல உள்ள கம்பெனில வேலை செய்யணும், செய்யலன்னா கொடுத்த காசைத் திருப்பிக் கட்டணும். அதுக்குத்தான் ஜாமீன். மாமா, அக்கா வீட்டுக்காரர், ஒரு ஓரமா உட்கார்ந்து ரெண்டாவது தடவையா பாரத்தைப் படிச்சுக்கிட்டு இருந்தாரு, தோட்டத்துல பொறந்து, லோரி ஓட்டி இவனைப் படிக்க வச்ச மனுஷன். "மூணு வருஷம்தானே மாப்ள, அப்புறம் வந்துடுவான்ல?"ன்னாரு. நான் பையனைப் பார்த்தேன், அவன் போனைப் பார்த்தான்.

"மாமா, இங்க, இங்க, அப்புறம் கடைசிப் பக்கத்துல"ன்னு பையன் எனக்குப் பென்சில்ல குறி போட்டு வச்சிருந்தான். தமிழ்ப்பள்ளி ஆறு வருஷம், இடைநிலைப்பள்ளி அஞ்சு வருஷம், பாரம் ஆறு ஒண்ணரை வருஷம், பாடப்புத்தகம், தடுப்பூசி, எல்லாம் மலேசியக் காசு, அதுல என் வரியும் கொஞ்சம் இருக்கும். அவன் சிங்கப்பூர்லதான் வேலை செய்வான், அதுக்கு நான் பொறுப்புன்னு மலேசிய ஐசி நம்பரை எழுதி மூணு இடத்துலயும் கையெழுத்து போட்டுக் கொடுத்துட்டு வந்தேன். மறுநாள் காலையில நாலரைக்கு வழக்கம்போல லேன்ல நின்னேன், மழை.